குறிப்பேட்டின் கடைசிக் கட்டம்

உடற்கல்வி ஆசிரியராவதற்குப் பயில்வோர் எழுதும் பாடக்குறிப்பேடுகளை இலக்கிய வாசகர் எவரும் தேடிப் படிப்பதில்லை. மேற்பார்வையாளரின் ஒப்பத்துக்காக எழுதப்பட்டு, ஒப்பம் பெற்றபின் பரணுக்குப் போய்ச் சேரும் எழுத்து அது. அத்தகைய குறிப்பேடு ஒன்றை அண்மையில் முதல் பக்கம் தொடங்கிக் கடைசிப் பக்கம் வரை படிக்க நேர்ந்தது. எழுதியவர் கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல்காட்டு இளைஞர், ஹாக்கி ஆட்டக்காரர். நம்மிடம் தமிழ் படித்த மாணவி ஒருவரின் தம்பி. "ஐயா, பிழை மட்டும் பார்த்துக் கொடுங்கள்" என்றுதான் கொடுத்தார். சந்திப்பிழைகளைத் திருத்திக்கொண்டே போன நாம், சில பக்கங்களுக்குப் பிறகு பென்சிலைக் கீழே வைத்துவிட்டு வாசகராகிவிட்டோம்.

அவர் பயிற்சிப் பாடம் நடத்தியது ஆலந்தலையில், கடலை ஒட்டிய ஒரு பள்ளியில். திருச்செந்தூருக்குத் தெற்கே, குலசேகரன்பட்டினம் போகும் வழியில் இருக்கும் மீனவர் ஊர் ஆலந்தலை. முத்துக்குளித்துறை என்று பழைய ஆவணங்கள் குறிக்கும் கரையின் ஒரு பகுதி. திருச்செந்தூரில் டாக்டர் சிவந்தி ஆதித்தனார் பெயரில் உடற்கல்வியியல் கல்லூரி இருப்பதால், கழுத்தில் விசிலும் கையில் குறிப்பேடுமாக வரும் பயிற்சி ஆசிரியர்கள் இவ்வட்டாரத்துப் பிள்ளைகளுக்குப் புதியவர்கள் அல்லர். கரிசலில் பிறந்த நம் இளைஞருக்குத்தான் கடல் புதிது.

உடற்கல்விப் பாடத்துக்கு மாறாத ஓர் உருவம் உண்டு. வரிசையில் நிறுத்தி வருகை எடுத்தல், உடலைச் சூடேற்றுதல், எண்ணிக்கைக்கு ஏற்பக் கைகால் அசைக்கும் முறைசார் பயிற்சி, சிறப்புப் பயிற்சி, பொழுதுபோக்கு விளையாட்டு, மீண்டும் வரிசை, கலைதல். இவற்றையெல்லாம் ஒரு பாடவேளைக்குள் நிமிடக் கணக்கில் பிரித்து எழுதவேண்டும். ஆசிரியர் கட்டளையிட, வகுப்பு முழுவதும் ஒரே உடலாக அசையும் இம்முறையின் வேர் ஐரோப்பாவில் இருக்கிறது. ஸ்வீடன் நாட்டுப் பேர் ஹென்ரிக் லிங் 1813-இல் ஸ்டாக்ஹோமில் உடற்பயிற்சிக்கென்று ஒரு நிறுவனத்தைத் தொடங்கினார்; அங்கு உருவான கட்டளைப் பயிற்சி பல நாடுகளின் பள்ளிகளுக்கும் படைகளுக்கும் பரவியது. நம் நாட்டில் உடற்கல்வி ஆசிரியர்களை உருவாக்கும் முயற்சிக்கு முன்னோடியாக அமைந்தது, ஹாரி குரோ பக் 1920-இல் சென்னையில் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி. தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014-ஆம் ஆண்டு நெறிமுறைகள் ஓராண்டாக இருந்த பி.பி.எட். படிப்பை ஈராண்டாக்கின. காலம் நீண்டபோதும் பாடக்குறிப்பின் உருவம் பெரிதும் மாறவில்லை.

அவருடைய குறிப்பேட்டில் ஒவ்வொரு பாடத்தின் முடிவிலும் ஒரு சிறு கட்டம் இருந்தது. 'ஆசிரியரின் தன்மதிப்பீடு' என்று அதற்குத் தலைப்பு. முதல் நான்கு பாடங்களிலும் அதில் ஒரே வாசகம்: 'பாடம் சிறப்பாக நடைபெற்றது. மாணவர்கள் ஆர்வத்துடன் பங்கேற்றனர்.' கேட்டால், எல்லாரும் அப்படித்தான் எழுதுவார்கள் என்றார். பலர் பாடம் நடத்துவதற்கு முந்தைய இரவே அதையும் சேர்த்து எழுதி முடித்துவிடுவார்களாம்.

தமிழாசிரியரின் கண்ணுக்கு அவ்வாக்கியங்களில் ஓர் இலக்கண விந்தை தென்படுகிறது. பிழை ஏதும் இல்லை. ஆனால் ஆளும் இல்லை. பாடம் தானாகவே நடைபெறுகிறது. 'மாணவர்கள்' என்னும் பன்மைக்குள் ஒரு முகமும் தெரிவதில்லை. நம் தேர்வுத்தாள்களில் எந்தக் கவிஞரைப் பற்றிக் கேட்டாலும் 'எளிய நடையில் உயரிய கருத்துகளைக் கூறியுள்ளார்' என்று வரும் விடையின் உடன்பிறப்பு இது. கண்டதை எழுதாமல், எழுதவேண்டியது எது என்று தெரிந்துகொண்டு எழுதும் பழக்கம் எல்லாத் துறைகளுக்கும் பொது.

ஐந்தாம் பாடத்தில் அந்த வாசகம் அடிக்கப்பட்டிருக்கிறது. அதற்குக் கீழே சாய்ந்த எழுத்தில்: 'நின்ற இடத்தில் ஓடும் பயிற்சி. மணலில் கால் புதைகிறது. முதலில் மூச்சு வாங்கியது எனக்கு. பிள்ளைகள் சிரித்தார்கள்.' குறிப்பேட்டின் முதல் உண்மை வாக்கியங்கள் இவை என்று சொல்லத் தோன்றுகிறது. கெட்டித் தரையில் ஓடிப் பழகியவர் அவர். அந்தப் பிள்ளைகளோ நடக்கத் தொடங்கிய நாள்முதல் மணலில் நடப்பவர்கள். குதிகாலை எப்போது ஊன்றவேண்டும், எப்போது ஊன்றக்கூடாது என்பது அவர்களின் கால்களுக்குத் தெரியும்.

அடுத்தடுத்த பாடங்களில் கட்டம் போதாமல் எழுத்து ஓரங்களுக்குப் பரவுகிறது. 'ஒழுங்கில் நிற்காதவன்' என்று முதல் வாரத்தில் குறிக்கப்பட்ட ஒரு சிறுவன், பிறகு 'விடியுமுன் அப்பாவின் படகு வரும் நேரத்துக்குக் கரைக்குப் போய்விட்டு வருகிறவன்' ஆகிறான். கயிறு இழுக்கும் போட்டி நடந்த நாளின் குறிப்பு இன்னும் சுவையானது. 'ஆசிரியர் செய்து காட்டி விளக்குவார்' என்று முன்கூட்டியே எழுதி வைத்திருந்தார். கயிற்றைத் தொட்டதும் பிள்ளைகள் தாமாகவே குதிகாலை மணலில் புதைத்து, உடலைப் பின்னுக்குச் சாய்த்து, ஒருவன் குரல் கொடுக்க மற்றவர் பின்பாட்டோடு இழுத்தார்களாம். கரைவலை இழுப்பவர்களைப் பார்த்து வளர்ந்த உடம்புகள் அவை. எண்ணிக்கை சொல்லித் தாளம் கற்பிக்க வந்தவர், அவர்களிடம் முன்பே ஒரு தாளம் இருப்பதைக் கண்டு, தம் விளக்கத்தை நிறுத்திவிட்டு ஒரு சிறுமியை முன்னே அழைத்துச் செய்துகாட்டச் சொல்லியிருக்கிறார்.

இக்கரையின் வரலாற்றில் இதற்கு ஒரு முன்கதை உண்டு. 1542-இல் பிரான்சிஸ் சவேரியார் இங்கே வந்தபோது அவருக்குத் தமிழ் தெரியாது. செபங்களை உதவியாளரைக் கொண்டு மொழிபெயர்த்து மனனம் செய்துகொண்டு, தெருத்தெருவாக மணியடித்துப் பிள்ளைகளைத் திரட்டித் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தார். சில ஆண்டுகளில் வந்த அண்டிரிக் அடிகளார் வேறு வழியில் போனார். மக்களின் மொழியைக் கற்று, 1549 வாக்கில் அதற்கு ஓர் இலக்கணக் குறிப்பு எழுதினார். அவருடைய 'தம்பிரான் வணக்கம்' 1578-இல் கொல்லத்தில் அச்சானது. இருவரில் யார் பெரியவர் என்பது நம் கேள்வி அன்று. கற்பிக்க வருகிற யாரும் மணியோடுதான் தொடங்க முடியும். எதிரில் இருப்பவர்களிடம் ஏற்கெனவே இருக்கும் மொழியைக் கேட்கத் தொடங்கும் நாள் பிறகு வரவேண்டும். உடற்கல்வியில் அந்த மொழி உடம்பின் மொழி.

ஆயினும் நம்மைப் பென்சிலைக் கீழே வைக்கச் செய்தது இவையெல்லாம் அல்ல, பன்னிரண்டாம் பாடத்தின் கட்டம். 'மலையில் தீப்பிடித்தது, ஓடு ஓடு' என்றொரு விளையாட்டு பள்ளிதோறும் உண்டு. வட்டமாக ஓடும் பிள்ளைகள், ஆசிரியர் ஓர் எண்ணைச் சொன்னதும் அத்தனை பேராகச் சேர்ந்து நிற்கவேண்டும். சேர இடம் கிடைக்காதவர் வெளியேறவேண்டும். அவர் எழுதுகிறார்: 'விளையாட்டுக்கு எட்டு நிமிடம். இதுவரை நான்கு பாடங்களில் வைத்திருக்கிறேன். நான்கு முறையும் முதலில் வெளியேறியது ஒரே பிள்ளை. அவளை யாரும் தங்கள் கூட்டத்துக்குள் இழுப்பதில்லை. பூவரச மரத்தடியில் போய் உட்கார்ந்துவிடுகிறாள். முப்பத்திரண்டு நிமிடத்தில் அவள் ஓடியது நான்கு நிமிடம்கூட இராது. அந்த நான்கு நாளில் மூன்று நாள் "அனைவரும் மகிழ்ச்சியுடன் விளையாடினர்" என்று எழுதியிருக்கிறேன்.'

ஓடப் பழகவேண்டியவளை முதலில் உட்காரவைக்கும் விளையாட்டு எப்படிப் பாடமாகும் என்ற கேள்வியை எந்தப் புத்தகமும் அவருக்கு எடுத்துக் கொடுக்கவில்லை. எண்ணிப் பார்த்ததால் வந்த கேள்வி அது. அடுத்த பாடத்தில் விதியை மாற்றினார். மீந்து நிற்பவர் வெளியேற வேண்டியதில்லை; அடுத்த எண்ணை அவரே சொல்லிவிட்டு மீண்டும் வட்டத்துக்குள் வந்துவிடலாம். முதல் முறை அச்சிறுமி சொன்ன எண் கடற்காற்றில் யாருக்கும் கேட்கவில்லை என்றும், உரக்கச் சொல்லச் சொன்னதாகவும் குறிப்பு முடிகிறது.

அதே பக்கத்தில், சுவருக்கு வெளியே நின்று வகுப்பை வேடிக்கை பார்க்கும் முதியவர் ஒருவரின் பேச்சையும் எழுதி வைத்திருக்கிறார். அவருடைய தந்தை முத்துக்குளிக்கப் போனவராம். 1961-க்குப் பின் முத்துக்குளிப்பு நின்றுபோனாலும் கதைகள் நிற்கவில்லை. மூழ்குபவரின் கயிற்றைப் படகில் இருந்து பிடிக்கும் பொறுப்பை மைத்துனரிடம் கொடுப்பார்கள் என்று இக்கரையில் சொல்வதுண்டு. கீழே போயிருப்பது உடன்பிறந்தவளின் கணவன் என்பதால் கவனம் சிதறாது. 'கயிறு பிடிக்கிறவன் வேற பக்கம் பாக்கப்படாது தம்பி' என்றாராம் பெரியவர். அவ்வளவுதான் குறிப்பு, விளக்கம் ஏதும் சேர்க்கவில்லை. 'அட்டென்ஷன்' என்று பிள்ளைகளைப் பார்த்து நாள்தோறும் கூவுகிறவர் இதை எழுதிவைக்கத் தேர்ந்தார் என்பதே நமக்குப் போதுமானதாயிருந்தது.

நன்னூல் பாயிரத்தில் பவணந்தியார் நல்லாசிரியனுக்கு நிலத்தையும் மலையையும் நிறைகோலையும் மலரையும் உவமை சொல்கிறார். ஆசிரியர் ஆகாதவனுக்குச் சொல்லும் நான்கில் ஒன்று மடற்பனை. மட்டை கழிக்காத பனையில் ஏற முடியாது. தானாக விழுந்தால்தான் பழம். கட்டளையும் எண்ணிக்கையுமாக மேலே நிற்கிற பாடமும் அப்படித்தான். அதில் ஏறத் தெரிந்த சில பிள்ளைகள் எப்போதும் ஏறிவிடுவார்கள், மரத்தடியில் உட்கார்ந்திருப்பவளுக்கு ஒன்றும் விழாது. இதை அவரிடம் சொன்னபோது, "எங்க ஊர்லயும் கருக்குமட்டையோட நிக்கிற பனையில யாரும் ஏற மாட்டாங்க ஐயா" என்று சிரித்தார்.

பிழைதிருத்தம் முடிந்ததும் அவர் ஒரு சங்கடத்தைச் சொன்னார். உடன் பயில்பவர்கள் இந்தப் பக்கங்களைக் கிழித்துவிட்டுப் பழைய வாசகத்தையே எழுதச் சொல்கிறார்களாம். தன் வகுப்பில் குறை இருந்ததாக ஒருவரே எழுதிக் கொடுத்தால் மதிப்பெண்ணைக் குறைக்க அதுவே சான்றாகிவிடும் அல்லவா? அச்சம் நியாயமானது. அரசுப் பணி கிடைக்கும் வரை ஒவ்வொரு மதிப்பெண்ணும் சோறு. "எதைக் கட்டி வைக்கட்டும் ஐயா?" என்றார். மதிப்பெண்ணுக்கு நம்மால் உறுதி தர இயலாது. படித்த இரண்டு வகைப் பக்கங்களில் எவற்றில் ஆட்கள் இருக்கிறார்கள் என்பதை மட்டும் சொன்னோம். முடிவை அவரிடமே விட்டோம்.

அவர் எதையும் கிழிக்காமல் கொடுத்தார். சில வாரங்கள் கழித்துத் தொலைபேசியில் பேசினார். மேற்பார்வையாளர் பணி ஓய்வை நெருங்கும் மூத்தவர், அதிகம் பேசாதவர். பக்கங்களை வரிசையாகப் புரட்டி ஒப்பமிட்டுக்கொண்டே வந்தவர் பன்னிரண்டாம் பாடத்தில் நிறுத்தி, கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டாராம்:

"அந்தப் பிள்ள பொறவு ஓடுச்சாடே?"

"ஓடிச்சு சார். இப்போ அதுதான் பெருஞ்சத்தமா நம்பர் சொல்லுது."

மதிப்பெண் எவ்வளவு என்று அவரும் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை.