துருவைத் தேடிக் காரைக்குடிக்கு

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில், பழைய சாமான் கடைக்காரர் ஒருவர் நாலடுக்கு எனாமல் டிபன் கேரியரை என் முன்னால் தூக்கி வைத்தார். வெள்ளை உடம்பு, நீல விளிம்பு, அடியில் ஸ்வீடன் முத்திரை. "பர்மாவுக்குப் போய் வந்த செட்டியார் வீட்டுச் சாமான் சார். இத்தன வருஷத்துல ஒரு பொட்டுத் துரு ஏறல, பாருங்க" என்றார். பார்த்தேன். மூன்றாவது அடுக்கின் காதோரம் சில்லு பெயர்ந்த இடத்தில் துரு நன்றாகவே ஏறியிருந்தது. நான் அதை விரலால் தடவியதைக் கவனித்தவர், கேட்காமலே விலையைக் குறைத்தார்.

எனாமல் என்றால் வேறொன்றுமில்லை, இரும்புத் தகட்டின் மேல் கண்ணாடியை உருக்கி ஒட்ட வைத்தது. சுமார் 800 டிகிரி சூட்டில் கண்ணாடித் தூள் இளகி இரும்போடு பிடித்துக்கொள்ளும். அந்தக் கண்ணாடி முழுசாக இருக்கிறவரை காற்றும் ஈரமும் உள்ளே போகாது. ஓரிடத்தில் சில்லு போனால் போதும், வேலை தொடங்கிவிடும். கடைக்காரருக்கு இதெல்லாம் என்னைவிட நன்றாகத் தெரியும். ஊருக்கு வருகிறவர்கள் யாரும் துருவைப் பற்றிக் கேட்பதில்லை என்பதால் அவரும் சொல்வதில்லை.

நான் துருவைப் பார்க்கத்தான் வந்திருந்தேன். செட்டிநாட்டுக்கு வருகிறவர்களுக்கு ஒரு பட்டியல் உண்டு: கானாடுகாத்தான் வீடுகள், ஆத்தங்குடி ஓடு, பிள்ளையார்பட்டி, கந்தரப்பம், வெள்ளைப் பணியாரம். கோழி வறுவலில் முடியும். அந்தப் பட்டியலில் காலேஜ் ரோட்டில் இருக்கும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனத்துக்கு இடம் கிடையாது. ஊர்க்காரர்களுக்கு அது 'சிக்ரி'. ஆட்டோவில் முழுப் பெயரைச் சொன்னேன், ஓட்டுநருக்குப் புரியவில்லை. 'சிக்ரி' என்றதும், "அட, அதச் சொல்லுங்க" என்று கிளப்பினார்.

ஆறும் கடலும் துறைமுகமும் ஆலைக் கூட்டமும் இல்லாத இந்தச் செம்மண் காட்டில் ஒரு தேசிய ஆய்வகம் எப்படி வந்தது? சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில், சி.எஸ்.ஐ.ஆர். என்ற மத்திய ஆராய்ச்சி மன்றத்தின் இயக்குநரான சாந்தி ஸ்வரூப் பட்நாகர் நாடெங்கும் ஆய்வகங்களை எழுப்பிக்கொண்டிருந்தார். புனேவுக்கு வேதியியல், ஜாம்ஷெட்பூருக்கு உலோகவியல், டில்லிக்கு இயற்பியல். அந்த வரிசையில் காரைக்குடி நுழைந்ததற்குக் காரணம் ஒரு மனிதர். கோட்டையூரில் 1909-இல் பிறந்த அழகப்பச் செட்டியார். இங்கிலீஷில் எம்.ஏ., லண்டனில் சட்டம், போதாததற்கு விமானம் ஓட்டவும் கற்றவர். மின்வேதியியல் ஆய்வகத்துக்காக 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் தருகிறேன் என்றார். 1948 ஜூலை 25-இல் நேரு வந்து அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14-இல் ராதாகிருஷ்ணன் திறந்து வைத்தார். அடிக்கல்லுக்கு முந்திய வருஷமே, 1947-இல், அழகப்பர் இங்கே கலைக் கல்லூரியைத் தொடங்கியிருந்தார். 1957-இல், நாற்பத்தெட்டு வயது நிறையும் தறுவாயில் இறந்தும் போனார். கானாடுகாத்தான் அண்ணாமலைச் செட்டியார் 1929-இல் பல்கலைக்கழகத்தைச் சிதம்பரத்தில் வைத்தார். அழகப்பர் தன் ஊர்ப்பக்கத்திலேயே வைத்தார். இரண்டு கொடைகளில் எது பெரிது என்று இந்தப் பக்கத்தில் இன்றும் வாதாடுவார்கள், அதில் நான் தலையிடப் போவதில்லை. ஆனால் வட்டிக் கடையிலும் ஆலையிலும் சேர்ந்த பணத்தில் கோயிலும் சத்திரமும் கட்டுவது நகரத்தார் மரபு. அதே பணம் மின்முனைகளுக்கும் அமிலத் தொட்டிகளுக்கும் போனதுதான் எனக்கு வியப்பாக இருந்தது.

சி.எஸ்.ஐ.ஆர். தொடங்கப்பட்ட 1942-ஐ நினைவுகூர்ந்து செப்டம்பர் 26-ஐ ஒட்டி ஆய்வகங்களின் கதவைப் பொதுமக்களுக்குத் திறந்து விடுவது வழக்கம். நான் போனது அப்படியொரு நாளில். சீருடைப் பிள்ளைகள் வரிசை வரிசையாக நின்றார்கள். மரங்கள் நிறைந்த வளாகம், அகலமான வராந்தாக்கள். லித்தியம் பேட்டரிப் பகுதியில்தான் கூட்டம் முட்டிக்கொண்டிருந்தது. அதில் நியாயம் உண்டு. உள்நாட்டிலேயே லித்தியம் அயனி மின்கலம் செய்யும் நுட்பத்தை உருவாக்கி, 2018-இல் ஒரு தனியார் நிறுவனத்துக்குக் கைமாற்ற ஒப்பந்தம் போட்டவர்கள் இவர்கள். செல்போன் தலைமுறைக்குப் பேட்டரிதான் சாமி. நான் அந்தக் கூட்டத்தை விட்டுவிட்டு அரிமானப் பகுதிக்கு நடந்தேன். அங்கே ஈ ஓட்டாத குறை.

மேசையில் கண்ணாடித் தட்டு, அதில் கெட்டியாக உறைந்த கூழ், கூழுக்குள் ஓர் இரும்பு ஆணி. பொறுப்பில் இருந்த ஆராய்ச்சி மாணவி புதுக்கோட்டைக்காரர். "கொஞ்சம் கிட்ட வந்து பாருங்க சார்" என்றார். ஆணியின் தலையைச் சுற்றியும் கூர்முனையைச் சுற்றியும் கடும் நீலம் பரவியிருந்தது. நடு உடம்பைச் சுற்றி ரோஜா நிறம். ஒரே ஆணி, ஒரே இரும்பு, ஒரே கூழ். எதற்கு இரண்டு நிறம்?

"ஆணியைத் தயாரிக்கும்போது தலையையும் நுனியையும் அடித்து நசுக்குகிறார்கள். அடி வாங்கிய இரும்பு சீக்கிரம் கரையும். கரைகிற இடம் நீலம். அது விட்ட எலக்ட்ரான் ஆணிக்குள்ளேயே ஓடி நடுப்பகுதிக்கு வந்து அங்கே ஆக்சிஜனோடு சேருகிறது. அந்த இடத்தில் காரம் உண்டாகும், அதனால் ரோஜா நிறம்" என்றார். பள்ளியில் 'இரும்பு, நீர், காற்று சேர்ந்தால் துரு' என்று படித்துப் பரீட்சை எழுதியவன் நான். ஓர் ஆணி தன் ஒரு பகுதியைப் பலி கொடுத்து இன்னொரு பகுதியைக் காப்பாற்றிக்கொள்கிறது என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. துரு என்பது கறை இல்லை, மின்னோட்டம். பேட்டரிக் கூடத்தில் முண்டியடிக்கிற பிள்ளைகள் பார்ப்பதும் இதைத்தான், அங்கே கட்டுக்குள், இங்கே கட்டவிழ்ந்து.

எனக்கு இதில் சொந்த அக்கறை உண்டு. திருவான்மியூரில், கடல் காற்று ஜன்னலைத் தட்டும் தூரத்தில் குடியிருக்கிறேன். கூடத்துக் கூரையில் சிமெண்ட் வீங்கி, பெயர்ந்து, கம்பி பிதுங்கிக்கொண்டு நிற்கிறது. அந்த மாணவியிடம் அதைச் சொன்னேன். இரும்பைவிடத் துருவுக்கு இரண்டு முதல் ஆறு மடங்கு இடம் தேவை என்றார். கம்பி துருப்பிடிக்கும்போது பருத்துச் சுற்றியுள்ள கான்கிரீட்டைப் பிளக்கிறது. நல்ல கான்கிரீட் கடும் காரத்தன்மை உடையது, காரநிலை 12-க்கு மேல். அந்தக் காரத்தில் கம்பியைச் சுற்றிக் கண்ணுக்குத் தெரியாத ஒரு மென்படலம் உருவாகி அதைக் காக்கிறது. காற்றிலுள்ள கரியமில வாயு மெல்ல உள்ளே ஊறி, காரத்தை 9-க்குக் கீழே இறக்கினால் படலம் அழியும். உப்பு இன்னும் மோசம், காரம் குறையாமலே படலத்தைத் துளைத்துவிடும்.

அன்று பிற்பகல் கானாடுகாத்தானில் ஒரு பெரிய வீட்டின் முகப்பில் நின்றபோதுதான் இதன் மறுபாதி பிடிபட்டது. வீட்டைக் கவனித்துக்கொள்ளும் ஆச்சி, "செருப்ப அங்கயே விட்ருங்க தம்பி" என்று சொல்லி உள்ளே அழைத்தார். முகப்பு, பட்டாலை, வளவு, இரண்டாம் கட்டு என்று கடைசிக் கதவு கண்ணுக்கெட்டாத தூரத்தில் இருந்தது. பர்மாத் தேக்குத் தூண்கள், இத்தாலியப் பளிங்கு. இதெல்லாம் எல்லோரும் எழுதியாயிற்று. நான் சுவரைத் தொட்டேன். குளிர்ச்சியாக, வழவழவென்று, முகம் தெரியும் அளவுக்குப் பளபளப்பு. "நூறு வருஷமாச்சு, ஒரு தடவகூட வெள்ளையடிக்கல" என்றார் ஆச்சி. சுண்ணாம்பும் மணலும் அரைத்து, கடுக்காய்த் தண்ணியும் வெல்லமும் சேர்த்து, அடுக்கடுக்காகப் பூசி, கடைசிப் பூச்சில் முட்டை வெள்ளைக்கரு கலந்து, கல்லால் தேய்த்து மெருகேற்றிய சுவர்.

சுண்ணாம்பு எப்படிக் கெட்டியாகிறது? கிளிஞ்சலையோ சுண்ணாம்புக்கல்லையோ சுட்டால் கரியமில வாயு வெளியேறிச் சுட்ட சுண்ணாம்பு கிடைக்கும். தண்ணீர் விட்டு நீற்றிச் சுவரில் பூசுகிறோம். பூசிய பிறகு அது காற்றிலிருந்து தான் இழந்த அதே வாயுவைத் திரும்ப இழுத்து, மாதக்கணக்கில், வருஷக்கணக்கில், மறுபடியும் கல்லாகிறது. காற்றில் அந்த வாயு இருப்பது பத்தாயிரத்தில் நாலு பங்குதான். அந்த நாலு பங்கு இந்தச் சுவருக்குள் போய் அதைக் கல்லாக்கியது. என் வீட்டுக் கூரைக்குள் போய்க் கம்பியின் காவலைக் கலைத்தது. ஒரே வாயு, ஒரே வினை. சுவருக்குள் இரும்பு இல்லை, என் கூரைக்குள் இருக்கிறது, வித்தியாசம் அவ்வளவே.

பழசுதான் உசத்தி என்ற முடிவுக்கு நான் வரவில்லை. இந்த வீடுகளிலும் இரும்பு நிறைய இருக்கிறது. கடல்கடந்து வந்த வார்ப்பிரும்புத் தூண்கள், கைப்பிடிக் கம்பிகள், கூரைத் தாங்கிகள். மழைத்தண்ணீர் வளவுக்குள் இறங்கும் தகரக் குழாய்களைப் பாதி வீடுகளில் துரு தின்றுவிட்டது. மேலும், ஆண்டுக்கொரு முறை கல்யாணத்துக்கோ படைப்புக்கோ கூடும் பங்காளிகளுக்கு, இருபது பேர் கையெழுத்துப் போட்டால்தான் ஓர் ஓடு மாற்ற முடியும் என்ற நிலை. யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் 2014 முதல் செட்டிநாடு இருக்கிறது. பட்டியலில் இருப்பதால் ஒழுகல் நிற்பதில்லை.

மதியச் சாப்பாட்டில் கவுனி அரிசி இனிப்பு வைத்தார்கள். பர்மாவிலிருந்து செட்டியார்கள் கொண்டுவந்தது என்பார்கள். முந்தின இரவே ஊற வைத்தாலும் வேகப் பொழுதாகும். ஊற வைத்த தண்ணீரில் கொஞ்சம் கேட்டு வாங்கி எலுமிச்சம்பழம் பிழிந்தேன், கருநீலம் சிவந்தது. தவிட்டிலிருக்கும் ஆந்தோசயனின் செய்கிற வேலை அது. புளிப்பில் சிவக்கும், காரத்தில் நீலம் பாயும். சத்து ஆராய்ச்சிக்காரர்கள் இன்று அந்த நிறமிக்குப் பின்னால் ஓடுகிறார்கள். அரிசியைத் தீட்டித் தவிட்டைப் போக்கிவிட்டுச் சாப்பிட்டால் அவர்கள் சொல்லும் பலன் எதுவும் தட்டுக்கு வராது.

அழகப்பா பல்கலைக்கழகத்தில் அதிக நேரம் இருக்க முடியவில்லை. 1985-இல் உருவானது. அங்கே உயிரித்தொழில்நுட்பத் துறையில் ஒரு மில்லிமீட்டர் நீளப் புழுவை வளர்க்கிறார்கள். உடம்பு கண்ணாடி மாதிரி, நரம்பணுக்கள் மொத்தம் 302, ஆயுள் மூன்று வாரத்துக்குச் சற்றுக் குறைவு. அதற்கு நோய்க்கிருமியை ஊட்டி, உடம்பு எப்படி எதிர்க்கிறது என்று பார்ப்பார்கள். கிருமிகள் கூடி வழவழப்பான படலம் கட்டிக்கொள்வதைத் தடுக்கும் பொருள்களையும் தேடுகிறார்கள். பல்லிலும் காயத்திலும் ஒட்டும் அதே வகைப் படலம், எண்ணெய்க் குழாயின் உட்சுவரில் ஒட்டினால் இரும்பை அரிக்கும். அந்த அரிப்பைப் பார்ப்பது பக்கத்து வளாகத்துச் சிக்ரிக்காரர்களின் வேலை. மருத்துவப் பத்திரிகையும் குழாய்ப் பத்திரிகையும் வேறு வேறு அலமாரியில் இருந்தாலும் படலம் ஒன்றுதான்.

மறுநாள் தேவகோட்டை, ராமநாதபுரம் கடந்து மண்டபம் போனேன். சிக்ரியின் கடலோர ஆய்வுக்களம் அங்கே. ஒரு பக்கம் மன்னார் வளைகுடா, மறுபக்கம் பாக் விரிகுடா. தென்மேற்குக் காற்றும் வடகிழக்குக் காற்றும் மாறி மாறி உப்பைத் தூவும் ஒடுங்கிய நிலம், நாட்டிலேயே உலோகம் மிக வேகமாக அரியும் இடங்களில் ஒன்று. பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை என்று முன்கூட்டியே சொல்லித்தான் அழைத்துப் போனார்கள். சாய்வான சட்டங்களில் உள்ளங்கை அகல உலோகத் தகடுகள், எஃகு, துத்தநாகம், அலுமினியம், பூசியவை, பூசாதவை, வெயிலில் வரிசையாகக் கிடந்தன. எடைபோட்டு வைப்பார்கள். மாதங்கள், வருஷங்கள் கழித்து எடுத்து, துருவை அமிலத்தில் களைந்து, மறுபடி எடைபோடுவார்கள். குறைந்த எடைதான் ஆராய்ச்சி முடிவு. நாடெங்கும் இப்படி வெயிலில் வைத்துச் சேர்த்த கணக்குகளிலிருந்துதான் இந்தியாவின் அரிமான வரைபடம் உருவானது. கட்டுமானத்துக்குப் பெயிண்ட் தேர்ந்தெடுப்பவர் அந்த வரைபடத்தைப் பார்க்க வேண்டும். பார்க்கிறாரா என்பது வேறு கேள்வி.

களத்திலிருந்து கொஞ்ச தூரத்தில் பாம்பன். 1914-இல் திறந்த பழைய ரயில் பாலம், 1964 டிசம்பர் புயலில் சிதைந்து எழுந்து, 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்திக்கொண்டது. பக்கத்தில் 2025 ஏப்ரல் 6-இல் திறந்த புதிய பாலம். அதன் தூக்குப் பகுதி 72.5 மீட்டர் நீளம், கப்பல் வந்தால் அப்படியே 17 மீட்டர் மேலே போகும். கான்கிரீட்டுக்குள் துருப்பிடிக்காத எஃகுக் கம்பி, எஃகின் மேல் பாலிசிலாக்சேன் பூச்சு. பழைய பாலம் பிழைத்த நூற்றுச் சொச்சம் ஆண்டுகளும் பெயிண்ட் டப்பாவும் பிரஷ்ஷுமாகக் கம்பிகளில் தொங்கியவர்களின் புண்ணியம்.

என் கூரைக் கதையை மண்டபத்தில் இருந்த மூத்த விஞ்ஞானி ஒருவரிடமும் சொன்னேன். போன வருஷம் ஒரு கான்ட்ராக்டர் வந்து, பிதுங்கிய இடத்தை மட்டும் கொத்திப் புதுச் சிமெண்ட் பூசினார், எட்டு மாதத்தில் அதைச் சுற்றியே வீங்கியது என்றேன். அவர் சிரித்துவிட்டார்.

"காரைக்குடியில ஆணியப் பார்த்தீங்களா?"

"பார்த்தேன்."

"அதேதான். பழுதான இடம் துருப்பிடிச்சப்ப, பக்கத்துக் கம்பிய அது காப்பாத்திட்டிருந்துச்சு. அங்க புது சிமெண்ட் போட்டு அத நல்லாக்கிட்டீங்க. இப்போ பழைய உப்புக் கான்கிரீட்டுல கெடக்கிற பக்கத்துக் கம்பி கரைய ஆரம்பிக்குது. நீலம் இடம் மாறியிருக்கு, அவ்வளவுதான்."

பிறகு தாளை வாங்கிப் படம் போட்டார். துரு தெரிகிற இடத்தோடு நிறுத்தாமல், உப்பு ஏறிய கான்கிரீட் முழுவதையும் கம்பிக்குப் பின்புறம் வரை கொத்தி எடுக்க வேண்டும். கம்பியைப் பளபளவென்று தேய்க்க வேண்டும். ஒட்டுப் போடும் விளிம்பில், கம்பியோடு சேர்த்து ஒரு துத்தநாகக் கட்டியைக் கட்டிப் புதைத்தால், இரும்புக்குப் பதில் அது கரையும். துத்தநாகம் தீர்ந்த பிறகு என்ன செய்வது என்று கேட்டேன். "மாத்தணும்" என்றார்.