தலையாட்டி பொம்மை ஆன கதை

மொதல்ல ஒரு கேள்வி. உங்க செல்போன்ல எழுத்து சைஸ் எவ்வளவு வச்சிருக்கீங்க? நான் பொங்கலுக்குப் பொங்கல் ஒரு படி ஏத்திக்கிட்டே வந்தேன். ஒருநாள் ஸ்ரீரங்கம் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பையன் ரொம்ப மரியாதையா, "சார், தயிர் வாங்கிட்டு வரச் சொல்றாங்க"ன்னான். தங்கமணி அனுப்பின மெசேஜ். எனக்கு முன்னாடி அவன் படிச்சுட்டான். அன்னிக்கே எனக்கு உறைச்சிருக்கணும். உறைக்கலை.

வயசு 48. இதுநாள் வரைக்கும் கண்ணாடி போடாதவன் என்பதில் எனக்கு ஒரு தனி கர்வம் உண்டு. வீட்டில் அண்ணன், அக்கா எல்லாரும் பள்ளிக்கூடத்திலேயே சோடாபுட்டி. பஸ் போர்டு படிக்க, பாட்டிக்கு ஊசியில் நூல் கோத்துக் கொடுக்க, எல்லாத்துக்கும் என்னைத்தான் கூப்பிடுவாங்க. அப்பேர்ப்பட்ட ஆளுக்குக் கொஞ்ச நாளாகக் கை நீளம் பத்தவில்லை. பேப்பரைத் தள்ளித் தள்ளிப் பிடிச்சு, இனி காலால்தான் பிடிக்கணும் என்கிற நிலைமை. "செக்கப் பண்ணுங்களேன்"னு தங்கமணி சொன்னப்பல்லாம் "வெளிச்சம் பத்தலைம்மா, நல்ல பல்பா மாட்டணும்" என்று சமாளிச்சேன். வீட்டில் மூணு பல்பு மாத்தினதுதான் மிச்சம்.

இதுக்குத் தமிழில் அழகா ஒரு பேர் இருக்கு: வெள்ளெழுத்து. எங்க பாட்டி சாளேஸ்வரம்னு சொல்லுவாங்க. கண்ணுக்குள்ள இருக்கிற லென்ஸ் சின்ன வயசுல நுங்கு மாதிரி இளசா இருக்கும். கிட்டப் பார்க்கணும்னா உடனே உப்பிக்கும். வயசாக வயசாக அது இறுகிப் போய் உப்ப மாட்டேங்குது. அவ்வளவுதான் சமாச்சாரம். யாருக்கும் விதிவிலக்கு கிடையாது. விடிகாலையில, மங்கின வெளிச்சத்துல கண்மணி விரிஞ்சிருக்கும். அப்ப இன்னும் மோசம்.

அந்த விடிகாலைதான் என்னை மாட்டிவிட்டது.

அம்மாவுக்குத் தைராய்டு மாத்திரை. வெறும் வயித்துல, காலையில முதல் வேலையா சாப்பிடணும். ஆறு மணிக்கு அம்மாவுக்கு மாத்திரையும் தண்ணியும் கொடுக்கிறது என் டூட்டி. போன ஆடி மாசம் டாக்டர் 75 மைக்ரோகிராமை 50 ஆகக் குறைச்சார். புதுப் புட்டி வாங்கியாச்சு. பழசுல பாதிக்கு மேல மாத்திரை மிச்சம். காசு போட்டு வாங்கினதாச்சேன்னு அம்மா தூக்கிப் போட விடலை. ரெண்டு புட்டியும் ஒரே கம்பெனி, ஒரே உயரம், அலமாரியில் பக்கத்துல பக்கத்துல.

மீதியை நீங்களே யூகிச்சிருப்பீங்க. பதினோரு நாள். பதினோரு நாளும் பழைய புட்டியில் இருந்துதான் எடுத்துக் கொடுத்திருக்கேன். நடுவுல அம்மா "படபடன்னு வருதுடா, ராத்திரி தூக்கமே இல்லை"ன்னு ரெண்டு மூணு தடவை சொன்னாங்க. நான் மேதாவி மாதிரி, "வயசானா தூக்கம் குறையும்மா, சாயங்காலம் காபியை நிறுத்து"ன்னேன். பன்னிரண்டாம் நாள் நான் ஊரில் இல்லை. தங்கமணி புட்டியை எடுத்தவ உடனே போன் பண்ணினா. "ஏங்க, இதுல எழுபத்தஞ்சுன்னு போட்டிருக்கே, புதுசு சீல் கூட உடைக்கலையே?"

அவள் சாதாரணமாத்தான் கேட்டாள். எனக்குத்தான் வயித்தைப் பிசைஞ்சது. டாக்டர் பெரிசா ஒண்ணும் ஆகலைன்னுட்டார். "ஆனா இந்த வயசுல டோஸ் அதிகமானா இதயத் துடிப்பு தாறுமாறாகும், பார்த்துக்கங்க" என்று ஒரு வார்த்தை. அதைக்கூடத் தாங்கிக்கிட்டேன். அம்மா சொன்னதுதான் தாங்கலை.

"மாத்திரையைப் பார்த்தா பழசு மாதிரியேதான் இருந்துச்சு. கேக்கலாம்னு நினைச்சேன். நீ கத்துவியேன்னு கேக்கலை."

அன்னிக்குச் சாயங்காலமே கண்ணாடிக் கடை. பரிசோதனையில் தூரத்துக்கு +0.75, படிக்க அதுக்கு மேல இன்னொரு +1.75. தூரப் பார்வையிலேயும் கொஞ்சம் குறை இருந்திருக்கு! இத்தனை வருஷம் கண்ணு முக்கி முக்கி அதை மறைச்சுக்கிட்டே வந்திருக்கு. கர்வம் மொத்தமும் அந்த நாற்காலியிலேயே காலி.

எனக்கு வேலை கவுன்ட்டரில். எதிரில் நிற்கும் ஆளைப் பார்க்கணும், கம்ப்யூட்டரைப் பார்க்கணும், கையெழுத்தைப் பார்க்கணும். படிக்கிற கண்ணாடியைப் போட்டுப் போட்டுக் கழட்டினா மதியத்துக்குள்ள கை வலிக்கும். அதனால ப்ரோக்ரஸிவ்.

நம்ம தாத்தாக்கள் போட்டது கோடு போட்ட பைஃபோகல்: மேல தூரம், கீழ கிட்டம். அந்த ரெட்டைக் கண்ணாடியைப் பத்தி பெஞ்சமின் பிராங்க்ளின் 1784லேயே கடிதத்தில் எழுதிட்டார். கோடில்லாம, மேலேருந்து கீழ வரைக்கும் பவர் கொஞ்சம் கொஞ்சமா மாறுற லென்ஸை பெர்னார்ட் மெத்தனாஸ் என்கிற பிரெஞ்சு இன்ஜினியர் வடிவமைச்சு, அது 1959ல் வேரிலக்ஸ் என்ற பேரில் கடைக்கு வந்துச்சு. நான் போட்டிருப்பது அந்த வம்சம்தான்.

கடைக்காரர் சொல்லாத விஷயம் ஒண்ணு இருக்கு. பவர் மேலேருந்து கீழ மாறிக்கிட்டே போகணும்னா, அந்த வளைவு பக்கவாட்டுல கோணிக்கத்தான் செய்யும். எவ்வளவு காசு கொடுத்தாலும் அந்தக் கோணலைக் குறைக்கலாம், ஒழிக்க முடியாது. நடுவுல ஒரு ஒத்தையடிப் பாதை மட்டும் தெளிவு. ரெண்டு பக்கமும் கலங்கின குளம்.

முதல் நாள் கதவு நிலை வில்லா வளைஞ்சது. தலையைத் திருப்பினா ஹால் தண்ணியில மிதக்குது. பேப்பரில் ஒரு பத்திதான் தெரியும், அடுத்த பத்திக்கு மூக்கைத் திருப்பணும். தங்கமணி காபியோட வந்து நின்னு ரொம்ப நேரம் பார்த்துட்டு, "தஞ்சாவூர்லேருந்து எப்ப வந்தீங்க?" என்றாள். தலையாட்டி பொம்மையாம். :-)

அதோட போகலை. கம்ப்யூட்டரைப் பார்க்க மோவாயைத் தூக்கித் தூக்கி ரெண்டு வாரத்துல கழுத்து வலி. கஸ்டமர் எல்லாம் நான் திமிரா பார்க்கிறேன்னு நினைச்சிருப்பாங்க. திரும்ப கடைக்குப் போனப்பதான் தெரிஞ்சது, அளவெடுத்த பையன் ஸ்கேலை மூக்குமேல வச்சுக் கண்ணுக்கு நடுவுல தூரம் மட்டும் அளந்திருக்கான். பிரேமைப் போட்டபடி நேராப் பார்க்கச் சொல்லி, கண்மணி எந்த உயரத்தில் வருதுன்னு ரெண்டு கண்ணுக்கும் தனித்தனியா பேனாவால் புள்ளி வைக்கணும். வைக்கலை. புள்ளி ரெண்டு மில்லிமீட்டர் தள்ளிப் போனாலே இந்த லென்ஸ் பழிவாங்கும். கொஞ்சம் சத்தம் போட்டேன், மாத்திக் கொடுத்துட்டாங்க. நீங்க வாங்கப் போனா புள்ளி வைக்காம எழுந்துக்காதீங்க.

புதுசு போட்டு நாலாம் நாள், வேண்டுதல்னு மலைக்கோட்டை. ஏறும்போது பிரச்சினை இல்லை. உச்சிப் பிள்ளையாரைப் பார்த்தாச்சு, காவேரி ஜம்முன்னு தெரியுது, தூரத்துல ஸ்ரீரங்கம் கோபுரம் அப்படியே துல்லியம். நாப்பத்தெட்டு வருஷமா இவ்வளவு சுத்தமா பார்த்தேனான்னு சந்தேகம். திரும்பினேன். கீழே நானூறுக்கும் மேல படி. குனிஞ்சு பார்த்தா ஒரு படியும் இல்லை, கலங்கலா ஒரு கல் சரிவு! ஏன்னா கண்ணைத் தாழ்த்தினா லென்ஸோட கீழ்ப்பகுதி வழியாப் பார்க்கிறோம். அது புத்தக தூரத்துக்கு. என் காலோ அஞ்சு அடி தள்ளி இருக்கு. ஓரமா சுவரைப் பிடிச்சுக்கிட்டு, செருப்பில்லாத கால் விரலால விளிம்பைத் தடவித் தடவி இறங்கினேன். பின்னாடி வந்த பாட்டியம்மா ஒருத்தர், இவங்களும் கண்ணாடிதான், "மோவாய நெஞ்சுல ஒட்ட வச்சுக்கப்பா, மேல்கண்ணாடியில பாரு"ன்னு சொல்லிட்டு என்னைத் தாண்டிப் போய்ட்டாங்க. கடையில யாரும் சொல்லாத பாடம். மோவாயை ஒட்ட வச்சேன். படிகள் ஒவ்வொண்ணா வந்து நின்னுச்சு.

இப்ப மூணு மாசம் ஆச்சு. நிலைக்கதவு நேராயிடுச்சு, மூளை எப்போ சரிக்கட்டிக்கிட்டதுன்னே தெரியலை. வண்டி ஓட்டும்போது மட்டும் கண்ணாலே கண்ணாடியைப் பார்க்காம மூக்கைத் திருப்பிப் பார்க்கிறேன். பரண்மேல இருக்கிற டப்பாவோட லேபிள் இன்னமும் படிக்க முடியலை, ஸ்டூல் போட்டு ஏறணும்.

பழைய புட்டியைக் குப்பையில போட்டாச்சு. இருந்தாலும் காலையில ஆறு மணிக்குக் கண்ணாடியைத் தேடி மாட்டிக்கிட்டு, லைட்டைப் போட்டு, புட்டியை எடுத்து அம்மா முன்னாடி சத்தமாப் படிக்கிறேன்.

"ஐம்பது மைக்ரோகிராம்."

"இன்னொரு தடவை படி"ங்கறாங்க அம்மா.

படிக்கிறேன். கத்துறதில்லை.