வர்றீங்களா, சேர்ந்துக்கலாம்!

ராத்திரி பதினொன்றரை மணி. மிடன்லாந்து பிரபுவிடம் ஏழாவது தடவையாகக் கெஞ்சிக்கொண்டிருந்தேன். அவர் ஏழாவது தடவையாக முடியாது என்றார்.

"இந்த நேரத்துல யார்கிட்ட கெஞ்சறீங்க?" என்றாள் மனைவி, போர்வைக்குள்ளிருந்து.

"ஒரு பிரபுகிட்ட."

"நாளைக்கு பால் கார்டு வாங்கணும். பிரபு ஞாபகத்துல அதை மறந்துடாதீங்க."

விஷயம் இதுதான். 'டோட்டல் வார்: வார்ஹாமர்' என்று ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டு. இங்கிலாந்தில் ஹார்ஷம் என்ற ஊரில் இருக்கும் கிரியேட்டிவ் அசெம்ப்ளி கம்பெனி 2016 மே மாதம் வெளியிட்டது. 2017-லும் 2022-லும் அடுத்தடுத்த பாகங்கள் வந்துவிட்டன. என் கம்ப்யூட்டருக்கு முதல் பாகத்திலேயே மூச்சு வாங்குவதால் நான் அங்கேயே நின்றுவிட்டேன்.

அதில் நான் சக்ரவர்த்தி. பெயர் கார்ல் ஃப்ரான்ஸ். சக்ரவர்த்தி என்றதும் யானை, அம்பாரி என்றெல்லாம் கற்பனை செய்யாதீர்கள். தலைநகர் ஆல்ட்டார்ஃப் மட்டும்தான் என் கையில். என் சொந்த மாகாணத்து மற்ற ஊர்களையே பிரிவினைக்காரர்கள் பிடித்து வைத்திருக்கிறார்கள். சாம்ராஜ்யத்தின் மற்ற மாகாணங்களான மிடன்லாந்து, நார்ட்லாந்து, ஸ்டிர்லாந்து ஒவ்வொன்றுக்கும் தனிப் பிரபு, தனிக் கொடி, தனிக் கஜானா. கல்யாண வீட்டில் பெரியப்பாவை முன்வரிசையில் உட்காரவைத்துவிட்டு எதையும் கேட்காமல் நடத்துவார்களே, அந்த மரியாதைதான் சக்ரவர்த்திக்கும்.

இவர்களையெல்லாம் ஒரே கொடியின் கீழ் கொண்டுவர இரண்டு வழி. ஒன்று அடிதடி. அதில் ஆள் சேதம், பண சேதம், கெட்ட பெயர். இன்னொன்று 'கான்ஃபெடரேஷன்'. பேச்சுவார்த்தைப் பலகையைத் திறந்து, "வர்றீங்களா, சேர்ந்துக்கலாம்" என்று கேட்பது. அவர் தலையாட்டிவிட்டால் ஊர்கள், படை, தளபதிகள் அத்தனையும் ஒரு துளி ரத்தமில்லாமல் நம்முடையவை. அவர் கொடி மட்டும் வரைபடத்திலிருந்து மறைந்துவிடும்.

எடுத்தவுடனே கேட்டால் சிரிப்பார்கள். படிப்படியாகப் போகவேண்டும். முதலில் 'நான் உன்னை அடிக்கமாட்டேன், நீ என்னை அடிக்காதே' ஒப்பந்தம். அப்புறம் வியாபாரம். அப்புறம் தற்காப்புக் கூட்டணி. அப்புறம் முழு ராணுவக் கூட்டணி. நடுநடுவே கொஞ்சம் தங்கம் அன்பளிப்பு. அவருடைய எதிரியை நாமும் நாலு சாத்து சாத்தினால் தனி மார்க்.

மார்க் என்றால் நிஜமாகவே மார்க். அவர் நம்மைப் பற்றி என்ன நினைக்கிறார் என்பதை வரிசையாகப் போட்டுக் காட்டுகிறார்கள். வியாபாரம் செய்தது பச்சையில், அவர் சிநேகிதனை அடித்தது சிவப்பில். மாமியார் மனதில் இருக்கும் பட்டியலை அச்சடித்துச் சுவரில் ஒட்டினால் எவ்வளவு சௌகரியமாக இருக்கும்! அந்த சௌகரியம்.

மிடன்லாந்தின் ஒற்றைக்கண் பிரபு போரிஸ் டோட்பிரிங்கரிடம் என் பட்டியல் முழுக்கப் பச்சை. கூட்டணி உண்டு, வியாபாரம் உண்டு, அன்பளிப்பும் உண்டு. ஆனால் சேர்ந்துக்கலாமா என்று கேட்டால் மட்டும் வாய்ப்பு 'குறைவு' என்று வந்தது.

ஏன் என்று புரிய எனக்கு மூன்று ராத்திரி ஆயிற்று. பாசம் ஒரு கணக்கு, பலம் இன்னொரு கணக்கு. அவரிடம் ஊர்கள் இருக்கின்றன, படை இருக்கிறது. உன்னோடு கரைந்து எனக்கு என்ன ஆகவேண்டும் என்கிறார். நியாயம்தானே?

அப்போதுதான் வடக்கிலிருந்து கஷ்டகாலம் வந்தது. முதலில் கடல் தாண்டி வரும் கொள்ளைக் கூட்டங்கள். பின்னாலேயே கேயாஸ் படை. மிடன்லாந்து ஒவ்வொரு ஊராக இழந்தது. ஒவ்வொரு ஊர் போனதும் நான் பலகையைத் திறந்து பார்த்தேன். 'குறைவு' என்பது 'நடுத்தரம்' ஆனது.

இங்கே ஒரு அசிங்கமான உண்மையைச் சொல்லியாக வேண்டும். என் பெரிய படை ஒன்று இரண்டே நாள் தூரத்தில் நின்றுகொண்டிருந்தது. கூட்டணிக்காரன் நான். போய் உதவியிருக்க வேண்டும். போகவில்லை. நாலு ஆட்டம் சும்மா நிறுத்தி வைத்தேன். கடைசி ஊரான மிடன்ஹைம் மட்டும் மிஞ்சியபோது வாய்ப்பு 'அதிகம்' என்று வந்தது. க்ளிக். டோட்பிரிங்கர் தலையாட்டிவிட்டார்.

எழுந்து போய் ஃப்ரிட்ஜில் இருந்த மைசூர்பாகை வெற்றிச்சின்னமாக ஒன்று எடுத்து வாயில் போட்டுக்கொண்டு வந்து பார்த்தால், கஜானா மைனஸில் ஓடுகிறது!

நான் பி.காம். 'அமால்கமேஷன், அப்சார்ப்ஷன்' என்று ஒரு பாடம் உண்டு. இரண்டு கம்பெனி கலைந்து புதிதாக மூன்றாவது ஒன்று பிறந்தால் முதலாவது. ஒன்று இன்னொன்றை விழுங்கினால் இரண்டாவது. விழுங்குகிறவர் சொத்தை மட்டும் எடுத்துக்கொண்டு கடனைக் கழற்றிவிட முடியாது என்று எங்கள் வாத்தியார் தலையில் குட்டிச் சொல்லிக்கொடுத்தார். விளையாட்டில் கான்ஃபெடரேஷன் என்று கௌரவமாகப் பெயர் வைத்திருக்கிறார்களே தவிர, சுத்தமான அப்சார்ப்ஷன். மிடன்லாந்தின் இடிந்த கட்டடங்கள் என் செலவில். பாதி செத்த படைகளின் சம்பளம் என் தலையில். படை ஒன்று கூடினால் இருக்கிற எல்லாப் படைகளின் செலவும் ஏறும் என்பது வேறு. ஜனங்களிடம் அதிருப்தி. பக்கத்து மாகாணப் பிரபுக்கள் எல்லாம், 'அடுத்தது நாமோ' என்பது போல என் பட்டியலில் ஒரு சிவப்பு வரி சேர்த்துவிட்டார்கள்.

கணக்கை நேர்செய்ய ஒரே வழி. மிடன்லாந்தின் பழைய படைவீரர்களை ஒவ்வொரு பிரிவாகக் கலைத்தேன். கடைசி வரை கோட்டையை விடாமல் நின்றவர்கள். க்ளிக், க்ளிக், க்ளிக்.

தூக்கம் வரவில்லை. காரணம் மைசூர்பாகு இல்லை.

எழுத்தில் எனக்கு வருவது டீ செலவுக்குத்தான். சாப்பாட்டுக்கு ஒரு சின்ன அக்கவுண்ட்ஸ் ஆபீஸ். முப்பது கடைகளுக்கு ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் போடுகிறேன். நான், ஒரு கம்ப்யூட்டர், ஒன்பது வருஷமாக என்னோடு இருக்கும் உதவியாளர் அம்மா. கூடப் படித்த நண்பன் ஒருவன் இதே தொழிலில் பதினைந்து பேரோடு பெரிய ஆபீஸ் நடத்துகிறான். அவன் போனில் சொல்வது எப்போதும் ஒன்றுதான்.

"எத்தனை நாளைக்குடா தனியா கஷ்டப்படுவே? வந்துடு, சேர்ந்துக்கலாம்."

நல்லவன். அவசரத்துக்குப் பணம் கொடுத்திருக்கிறான். பட்டியல் முழுக்கப் பச்சை. ஆனால் அவன் கேட்ட மூன்று தடவையும் எனக்கு ஒரு பெரிய வாடிக்கையாளர் கைவிட்டுப் போன வாரம் என்பது அன்று ராத்திரிதான் உறைத்தது. அவன் கெட்ட எண்ணத்தில் கேட்டான் என்று சொல்லமாட்டேன். நான் மட்டும் டோட்பிரிங்கரிடம் கெட்ட எண்ணத்திலா கேட்டேன்? பலகையைத் திறந்து பார்த்தேன், அவ்வளவுதான்.

ராத்திரியில் சக்ரவர்த்தி, பகலில் நான்தான் மிடன்லாந்து.

சேர்வது தப்பு என்று சொல்லவில்லை. சேராமல் நாடே இல்லை. 1947-ல் சர்தார் படேலும் வி.பி. மேனனும் ஐந்நூற்றுச் சொச்ச சமஸ்தானங்களைப் பேசிப் பேசித்தான் சேர்த்தார்கள். அவர்களும் படிப்படியாகத்தான் போனார்கள். முதலில் ராணுவம், வெளியுறவு, தகவல் தொடர்பு மூன்றை மட்டும் விட்டுக்கொடுங்கள் என்றார்கள். இணைப்பு அதற்கப்புறம். நம்ம புதுக்கோட்டை 1948 மார்ச் 3-ம் தேதி சென்னை மாகாணத்தோடு சேர்ந்தது. ராஜாக்களுக்கு மன்னர் மானியம் என்று வருஷாவருஷம் பணம் தருவதாக ஏற்பாடு. அரசியல் சட்டத்திலேயே எழுதிக் கொடுத்தார்கள். 1971-ல் சட்டத் திருத்தம் வந்து மானியம் போயிற்று. ஜனநாயகத்தில் ராஜாவுக்கு எதற்கு மானியம் என்பது சரியான கேள்விதான். ஆனால் ஒரு குமாஸ்தா மூளைக்கு அதில் வேறு பாடம். எழுதி வாங்கியதே இருபத்து மூன்று வருஷம்தான் வந்தது. எழுதி வாங்காதது?

மறுநாள் ஆபீஸுக்குப் போனதும் ஒரு வெள்ளைத்தாள் எடுத்தேன். இப்போது கையில் முப்பது கடை இருக்கிறது. ஒன்றே ஒன்று மிஞ்சும்வரை காத்திருந்தால், எதையும் கேட்கும் யோக்கியதை இருக்காது. ஒன்று, போர்டில் இரண்டு பேர் பெயரும் வேண்டும். இரண்டு, என் கடைகளின் கட்டணம் இரண்டு வருஷத்துக்கு ஏறக்கூடாது. மூன்றாவதை எழுதும்போது உதவியாளர் அம்மா டீ கொண்டுவந்து வைத்தார்.

"என்ன சார் எழுதறீங்க? கட்டுரையா?"

"இல்லம்மா. உங்க சம்பளம்."

பேப்பரை எட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் போனார். கொஞ்ச நேரம் கழித்து, கேட்காமலே இன்னொரு டீ வந்தது.

நண்பனுக்குப் போன் போட்டு மூன்றையும் படித்தேன். மறுமுனையில் மௌனம். "யோசிச்சு சொல்றேன்டா" என்றான். வாய்ப்பு நடுத்தரம் என்று எடுத்துக்கொண்டேன்.

அன்று ராத்திரி பழைய சேமிப்பைத் திறந்தேன். மிடன்லாந்துக்கு இன்னும் மூன்று ஊர் இருந்த கட்டம். இந்தத் தடவை பெரிய படையை நேரே அனுப்பினேன். கடும் சண்டை. மூன்று ஊரும் தப்பின. பலகையைத் திறந்தேன். வாய்ப்பு 'குறைவு'. மூடிவிட்டேன்.

"என்ன சொன்னார் உங்க பிரபு?" என்றது போர்வை.

"வரமாட்டாராம். ஆனா பக்கத்துல நிக்கறாராம்."

"சந்தோஷம். பால் கார்டு வாங்கினீங்களா?"

வாங்கவில்லை.