குளிர்ந்த சால்மனும் சதகுப்பை சாஸும்

சுவீடன் உணவகங்களில் குளிர்ந்த பதார்த்தங்களைத் தயாரிப்பது தனி வேலை. அதைச் செய்பவருக்குக் ‘கல்ஷெங்கா’ என்று பெயர். நெடுங்காலம் பெண்களே செய்துவந்த தொழில் இது. அவர்களின் கைத்திறனை முழுமையாகக் காட்டும் உணவு ‘இன்குக்ட் லக்ஸ்’. மசாலா நீரில் வெந்து, அதிலேயே ஆறி, குளிர்ந்தபின் பரிமாறப்படும் சால்மன் மீன் அது. ஜூன் 19க்கும் 25க்கும் இடையில் வரும் வெள்ளிக்கிழமையன்று கொண்டாடப்படும் கோடைத் திருநாளுக்கு ஏற்ற பதார்த்தம்.

முதல் வேலை முள் எடுப்பது. சதையின் மேல் விரல் நுனியை ஓட்டினால் முள் தட்டுப்படும். அது சாய்ந்திருக்கும் திசையிலேயே இடுக்கியால் இழுக்க வேண்டும். திசை மாறினால் சதை கிழியும்.

அடுத்து மசாலா நீர். உப்பு, வினிகர், வெங்காயம், கேரட், மிளகு, சர்வசுகந்தி, லாரல் இலை, சதகுப்பைத் தண்டு ஆகியவை சேர்ந்து கால் மணி நேரம் கொதிக்கும். அதன்பின் தீயைக் குறைத்து மீன் துண்டுகளை இடுவார்கள். நீரின் வெப்பம் 80 டிகிரி செல்சியஸ் அளவில் நின்றால் போதும். கொதிவந்தால் சதை இறுகிச் சாற்றை இழக்கும். வெண்ணிறப் புரதம் கசிந்து மேலே திட்டுத்திட்டாகப் படியும். முழு மீனாக இருந்தால் ஆறிய நீரில் போட்டு மெல்லச் சூடேற்றுவது வழக்கம். இல்லையேல் நடுப்பகுதி வேகுமுன் வெளிப்புறம் வறண்டுவிடும்.

இறக்கும் நேரத்தை அறிவதே இத்தொழிலின் நுட்பம். இறக்கிய பிறகும் நீரின் சூட்டில் மீன் வெந்துகொண்டிருக்கும் என்பதால், சற்று முன்னதாகவே இறக்க வேண்டும். பாத்திரத்தைப் பனிக்கட்டி நீரில் வைத்து விரைவாக ஆறவிட்டு, குளிர்பெட்டிக்கு மாற்றுகிறார்கள். லிஸ்டீரியா என்னும் கிருமி அந்தக் குளிரிலும் பெருகக்கூடியது. ஆகவே பலகை, கத்தி, கை மூன்றும் சுத்தமாக இருக்க வேண்டும். மீனை நாள்கணக்கில் வைத்திருக்கக் கூடாது.

சாஸுக்கு அடிப்படை ‘கிரெட்ஃபீல்’ என்னும் 12 சதவீதக் கொழுப்புள்ள புளித்த பாலேடு. அதனுடன் மயோனைஸ், கொஞ்சம் கடுகு விழுது, எலுமிச்சைச் சாறு, பொடியாக நறுக்கிய சதகுப்பை சேரும். கழுவிய தழையில் ஈரம் தங்கினால் சாஸ் நீர்த்துப்போகும். நேரம் செல்லச் செல்லப் புளிப்பு தழையின் பசுமையை மங்கவைக்கும் என்பதால் அதைக் கடைசியில்தான் கலப்பார்கள். குளிர்ந்த உணவில் சுவை அடங்கித் தெரியும். குளிர்ந்த பிறகே உப்பும் புளிப்பும் சரிபார்க்கப்படுகின்றன.

மெல்லிய வெள்ளரித் துண்டுகள், வேகவைத்த புது உருளைக்கிழங்கு ஆகியவற்றோடு தட்டு நிறைகிறது. இதன் பெரும்பகுதி வேலை விருந்தினர் வருமுன்பே முடிந்துவிடுவதால் அவர்கள் கண்ணில் படுவதில்லை. அடுப்பில் நிற்கும் சமையல்காரருக்குக் கிடைக்கும் அதே மதிப்பு கல்ஷெங்காவுக்கும் உரியது.