அப்பாவின் லாரியும் என் அரைகுறைப் படிப்பும்

(மூன்றாம் ஆண்டு, ஆட்டோமொபைல்)

எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். அப்பா சங்ககிரியில் லாரி டிரைவர். எட்டாவதோடு படிப்பை விட்டு கிளீனராக வண்டி ஏறியவர. நான் டிப்ளமோ சேர்ந்ததிலிருந்து வண்டியில் எந்தச் சந்தேகம் வந்தாலும், "எம்பையனக் கேட்டுச் சொல்றேன்" என்பார். எனக்கும் பெருமை தாங்காது!

சென்ற ஆண்டு விடுமுறையில் ஒரு ராத்திரி போன் செய்தார். "கண்ணு, யூரியா தண்ணி தீரப்போகுது. கையில காசு கம்மியா இருக்குது. வயலுக்குப் போடற யூரியாவையே கரைச்சு ஊத்தலாம்னு இங்க ஒருத்தர் சொல்றாரு. ஊத்தலாமா?"

நான் கொஞ்சம்கூட யோசிக்கவில்லை. "யூரியான்னா எல்லாம் ஒண்ணுதானுங்கப்பா. ஊத்துங்க" என்றேன்.

மூன்றாம் நாள், முழு லோடோடு தொப்பூர் மேடு ஏறும்போது டேஷ்போர்டில் விளக்கு எரிந்தது. இழுவை குறைந்து வண்டி திணறியது. இரண்டு நாள் அப்பா ரோட்டோரத்தில் கிடந்தார். பம்பும் இன்ஜெக்டரும் மாற்றிய செலவில் பாதியைச் சம்பளத்தில் பிடித்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்தவர் திட்டவே இல்லை. "படிச்ச புள்ள சொன்னா சரியாத்தான் இருக்கும்னு ஊத்திட்டேன் கண்ணு" என்றார். இரண்டு அறை விட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்...

அதற்குப் பிறகுதான் புத்தகத்தை ஒழுங்காகப் புரட்டினேன்.

நண்பர்களே, காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன். சும்மா இருக்கும்வரை அது சாது. டீசல் இன்ஜினுக்குள் எரியும் இடத்தில் சூடு 1500 டிகிரியைத் தாண்டும்போது ஆக்ஸிஜனோடு சேர்ந்து நைட்ரஜன் ஆக்ஸைடு ஆகிவிடுகிறது. அது மூச்சுக்குழலைக் கெடுக்கும். வெயிலில் ஓசோனை உண்டாக்கும். மழையில் அமிலமாக இறங்கும். பெட்ரோல் காரில் இருக்கும் வினையூக்கி இங்கே பலிக்காது. ஏனென்றால் டீசல் புகையில் ஆக்ஸிஜன் நிறைய மிச்சமிருக்கும். அதனால் புகைக்குழாயில் யூரியாக் கரைசலைத் தெளிக்கிறார்கள். சூட்டில் அது அம்மோனியா ஆகிறது. அடுத்து தேன்கூடு மாதிரி ஒரு கட்டி. அதன் துளைகளில் வனேடியம் ஆக்ஸைடோ, தாமிரம் ஏற்றிய ஜியோலைட்டோ பூசியிருக்கும். அங்கே அம்மோனியாவும் நைட்ரஜன் ஆக்ஸைடும் சேர்ந்து வெறும் நைட்ரஜனும் நீராவியுமாக வெளியேறுகின்றன! சேர்த்து வைத்த வினையூக்கி மட்டும் செலவாவதில்லை.

நம் நாட்டில் பி.எஸ்.4 லாரிக்கு ஒரு கிலோவாட் மணிக்கு 3.5 கிராம் நைட்ரஜன் ஆக்ஸைடு வரை அனுமதி இருந்தது. 2020 ஏப்ரல் 1-ல் வந்த பி.எஸ்.6 அதை 0.46 கிராமாகக் குறைத்தது.

என் தப்பு எங்கே? அந்தக் கரைசலில் சுத்தமான யூரியா 32.5 சதவீதம்; மீதி உப்பு நீக்கிய தண்ணீர். வயல் யூரியாவில் வேப்பெண்ணெய் பூச்சு இருக்கிறது. போர் தண்ணீரில் சுண்ணாம்பும் உப்பும். இவை இன்ஜெக்டரை அடைக்கும். வினையூக்கியின் மேல் படிந்து அதைச் செயலிழக்க வைக்கும். எனக்கு யூரியா என்ற பெயர் தெரிந்திருந்தது, அவ்வளவுதான். போதாததற்கு, அது விவசாயிக்கு மானிய விலையில் வரும் மூட்டை!

போன மாதம் அப்பா மறுபடி போன் செய்தார். கம்ப்யூட்டரை ஏமாற்றும் பெட்டி ஒன்றை மாட்டினால் யூரியாவே வேண்டாமாம். இந்த முறை, "தெரியலீங்கப்பா, நாளைக்குச் சொல்றேன்" என்றேன். லேபில் சாரைக் கேட்டேன். மறுநாள் அப்பாவிடம், "வண்டி ஓடுமுங்க. ஆனா அத்தனை நஞ்சும் அப்படியே வெளிய வரும்" என்றேன்.

அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "லாரிக்கு அடியிலயே படுத்து எந்திரிக்கறவன் நான்தான கண்ணு. வேண்டாம்னு சொல்லிடறேன்" என்றார்.

நண்பர்களே, நம் வீடுகளில் நாம் சொல்வதை வேதவாக்காக நம்புகிறார்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்ல நாம் வெட்கப்பட வேண்டாம். கேட்டுத் தெரிந்துகொண்டு சொல்வோம்!