பழைய சாலை, புதிய பஸ்

திருமலையின் முதல் மலைப்பாதை 80 வயதைத் தாண்டிவிட்டது. ஓய்வு மட்டும் இல்லை.

சித்தூர் பஸ் நிலையத்தில் காலை நேரத்தில் தெலுங்கோடு தமிழும் தாராளமாகக் காதில் விழுகிறது. 1953 வரை சென்னை மாநிலத்தில் இருந்த ஊர் ஆயிற்றே. இங்கிருந்து திருப்பதி சுமார் 70 கி.மீ. சந்திரகிரிக் கோட்டையைத் தாண்டியதும் ஏழுமலை தெரிய ஆரம்பிக்கிறது.

பழைய பஸ்ஸைப் பார்க்க ஆசைப்படுபவர்கள் ஐதராபாத்துக்குத்தான் போகவேண்டும். நிஜாம் அரசின் ரயில்வே 1932இல் 27 பஸ்களுடன் போக்குவரத்துத் துறையைத் தொடங்கியது. அந்தக் காலத்து ஆல்பியன் பஸ் ஒன்றை அங்கே பத்திரப்படுத்தி வைத்திருக்கிறார்கள். திருப்பதியில் பழமை வேறு வடிவில் இருக்கிறது. தினமும் ஆயிரக்கணக்கான பக்தர்கள் கவனிக்காமலே அதன்மீது பயணம் செய்கிறார்கள்.

1944க்கு முன்பு மலை ஏற இரண்டே வழி: நடை அல்லது டோலி. அந்த ஆண்டு திறக்கப்பட்ட சாலைதான் அந்த நிலைமையை மாற்றியது. திட்டத்தை வகுத்ததில் பொறியாளர் விசுவேசுவரய்யாவுக்கு முக்கியப் பங்கு உண்டு என்பார்கள். முதியவர்களும் நோயாளிகளும் பிறர் தோளை நம்பாமல் ஏழுமலையானைத் தரிசிக்க முடிந்தது அதன் பிறகுதான். தொடக்க காலத்தில் தேவஸ்தானமே பஸ்களை ஓட்டியது. 1975இல் பொறுப்பு ஆந்திர அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் கைக்குப் போனது.

எழுபதுகளில் இரண்டாவது சாலை வந்தது. ஏறுவதற்குப் புதியது, இறங்குவதற்குப் பழையது என்று ஏற்பாடு. ஆகவே 1944ஆம் ஆண்டுச் சாலையைப் பார்க்க விரும்புகிறவர் திரும்பும் பயணத்தைப் பகலில் வைத்துக்கொள்ள வேண்டும். ஜன்னலோர இருக்கை கிடைத்தால் இன்னும் நல்லது.

கொண்டை ஊசி வளைவுகள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் பள்ளத்தாக்கு, தூரத்தில் திருப்பதி நகரம். ஒவ்வொரு திருப்பத்திலும் பயணிகள் கூட்டமாக ஒரு பக்கம் சாய்ந்து நிமிர்கிறார்கள். 'கோவிந்தா' முழக்கம் சில வளைவுகளில் சற்று பலமாகவே கேட்கிறது. மலைப்பாதையில் பஸ் ஓட்டத் தனிப் பயிற்சி வேண்டும். சொந்தக் காரில் வருபவர்களுக்கும் கட்டுப்பாடு உண்டு: குறித்த நேரத்துக்கு முன்பே கீழே வந்து சேர்ந்தால் அபராதம்.

2022இல் மின்சார பஸ்கள் வந்தன. இறக்கத்தில் பிரேக் பிடிக்கும்போது வீணாகும் சக்தியின் ஒரு பகுதி இவற்றில் மின்சாரமாகி பேட்டரிக்கே திரும்புகிறது. ஒரு காலத்தில் டிரைவர்களைப் பயமுறுத்திய சரிவு, இப்போது பஸ்ஸுக்குத் தீனி போடுகிறது.

பழைய சாலையின் அருமை 2021 டிசம்பரில் புரிந்தது. கனமழையில் பாறைகள் உருண்டு விழுந்து இரண்டாவது சாலை சேதமடைந்தது. அது மூடப்பட்டதும், ஏற்றத்தின் சுமையிலும் பங்கு முதல் சாலையின் தலையில் விழுந்தது. தாங்கிக்கொண்டது.

ஐதராபாத் ஆல்பியனைத் துடைத்து வைத்தால் போதும். இந்தச் சாலைக்கு அது போதாது. ஒவ்வொரு மழைக்காலத்துக்கு முன்பும் பாறைகளைச் சோதிக்க வேண்டும், தடுப்புச் சுவர்களைப் பழுதுபார்க்க வேண்டும், வடிகால்களைத் தூர்வார வேண்டும். கீழே அலிபிரியில் இறங்கும் பக்தர்கள் லட்டுப் பையைச் சரிபார்த்துக்கொண்டு அடுத்த பஸ்ஸைத் தேடி ஓடுகிறார்கள். சாலையைத் திரும்பிப் பார்ப்பவர்கள் குறைவு.