பழைய பென்டியம், ஸ்குவிட், ஒரு ராத்திரித் தேடல்

1/
வீட்லயோ கடையிலயோ கிளினிக்லயோ நெட்வொர்க்கைப் பாத்துக்கறவரா நீங்க? அப்ப இந்த த்ரெட் உங்களுக்குத்தான். ஆள் அடையாளம் தெரியக்கூடாதுன்னு சில விவரங்களை மாத்தியிருக்கேன்.

2/
2010. சின்ன ஊர், 20 படுக்கை ஆஸ்பத்திரி, 6 கம்ப்யூட்டர். எல்லாத்துக்கும் சேர்த்து 512 கேபிபிஎஸ் லைன் ஒண்ணுதான். ஒரு மெஷின் ஆன்டிவைரஸ் அப்டேட் இறக்க ஆரம்பிச்சா, இன்னொண்ணுல ஸ்கேன் ரிப்போர்ட் திறக்காது.

3/
மூலையில ஒரு பென்டியம் 4 கிடந்துச்சு. 512 எம்பி ரேம். தூசி தட்டி, லினக்ஸ் போட்டு, ஸ்குவிட்ங்கற இலவச ப்ராக்ஸியை ஏத்தினேன். ப்ராக்ஸின்னா நடுவுல நிக்கிற ஆள். நீங்க கேட்டதை வெளிய போய் வாங்கிட்டு வருவார், ஒரு காப்பியைத் தன்கிட்டயும் வெச்சுக்குவார். அடுத்தவர் அதையே கேட்டா உள்ள இருந்தே எடுத்துக் குடுத்துடுவார்.

4/
பழைய மெஷின்ல முதல்ல பார்க்க வேண்டியது ரேம். டிஸ்க்ல 1 ஜிபி சேமிச்சா, அந்தக் கணக்கை வெச்சுக்கவே சுமார் 10 எம்பி ரேம் போகும். அதனால 10 ஜிபியோட நிறுத்திக்கிட்டேன். 4 எம்பிக்கு மேல உள்ள ஃபைலை ஸ்குவிட் தானா சேமிக்காது. அந்த வரம்பையும் ஏத்தினேன். அப்டேட் ஒரு தடவை இறங்கினா ஆறு மெஷினுக்கும் போதும்னு ஆச்சு.

5/
அதோட நின்னிருக்கணும். யார் நெட்டை வீணாக்கறாங்கன்னு பார்க்க ஆசை. முகவரியில கேள்விக்குறிக்குப் பின்னாடி வர்றதை ஸ்குவிட் லாக்ல எழுதாம வெட்டிடும். நான் அந்த செட்டிங்கை ஆஃப் பண்ணேன். அப்ப கூகுள் தேடல் சாதாரண ஹெச்டிடிபிதான். தேடின வார்த்தை அப்படியே லாக்ல விழுந்துச்சு.

6/
ஒரு காலையில பாத்தேன். ராத்திரி 2:40, வார்டு மெஷின். மார்புல வலியில்லாத கட்டி. அதையே நாலு விதமா மாத்தி மாத்தித் தேடியிருக்காங்க. அந்த நேரம் டூட்டியில ஒரே ஒரு நர்ஸ்.

7/
அவங்க என்கிட்ட சொல்லாத ரகசியம் எனக்குத் தெரிஞ்சு போச்சு. கேட்டா, வேவு பாத்தேன்னு ஒத்துக்கணும். கேக்காம விடவும் முடியாது. மார்புக் கட்டி பெரும்பாலும் புற்றுநோயா இருக்காது. ஆனா வலி இல்லைங்கறதை வெச்சு எதையும் முடிவு பண்ணக்கூடாது, பரிசோதிக்கணும்.

8/
அந்த வாரமே ஸ்டாஃப் எல்லாருக்கும் செக்கப் வெச்சோம். பிபி, சுகர், பெண்களை லேடி டாக்டர் தனியா பாத்தாங்க. ரிசல்ட் அவங்கவங்க கையில மட்டும். நான் கேக்கல, இன்னைக்கும் தெரியாது.

9/
அடுத்த திங்கள் எல்லாரையும் கூப்பிட்டு லாக் விஷயத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். செட்டிங்கைத் திருப்பி வெச்சாச்சு, லாக்கை அழிச்சாச்சுன்னேன். அந்த நர்ஸ் மட்டும், "எத்தனை நாள் லாக் சார் அது?"ன்னு கேட்டாங்க. "ஆறு வாரம்"னேன். தலையாட்டிட்டு வார்டுக்குப் போயிட்டாங்க. அப்புறமும் நாலு வருஷம் எங்ககிட்ட வேலை பாத்தாங்க. அதைப் பத்தி நாங்க பேசினதே இல்ல.

10/
இப்ப பெரும்பாலும் ஹெச்டிடிபிஎஸ். ப்ராக்ஸிக்குத் தளத்தோட பேர்தான் தெரியும். ராத்திரி 2:40க்கு அந்தப் பேரே நிறைய சொல்லிடும். அதனால லாக் வைக்கறீங்கன்னா முன்கூட்டியே சொல்லிடுங்க, சில நாள்ல அழிச்சிடுங்க.

கட்டி தட்டுப்பட்டா நெட்ல தேடறது தப்பில்ல. விடிஞ்சதும் ஒரு டாக்டர்கிட்ட காட்டிடுங்க.